கிரேட் க்ளென் வே சைக்கிளில்: மூன்று நாளை எப்படிப் பிரிப்பது, எந்த டயர், மேல் பாதையா கீழ்ப் பாதையா?

வடகாற்று

ஜூன் முதல் வாரம் ஸ்காட்லாந்தின் ஃபோர்ட் வில்லியமில் இருந்து இன்வெர்னெஸ் வரை கிரேட் க்ளென் வே முழுசையும் சைக்கிளில் போக நானும் தம்பியும் திட்டம் போட்டிருக்கிறோம். கூடாரம், அடுப்பு எல்லாம் சைக்கிளிலேயே. என்னிடம் கிராவல் சைக்கிள் (பொடிக்கல் பாதைக்கானது): 40 மி.மீ. டயர், முன் பல்சக்கரம் 40 பல், பின்னால் 11–34 பல். தம்பியிடம் 29 அங்குல மவுண்டன் பைக், முன்னால் மட்டும் சஸ்பென்ஷன்.

மொத்தம் 125 கி.மீ. பக்கம் என்பதால் நாளுக்கு 42 என்று மூன்றாகப் பிரித்திருக்கிறேன். வரைபடத்தில் பார்த்தால் பாதி தூரம் கால்வாய்க் கரையும் ஏரிக் கரையும்தான். இந்தக் கணக்கு சரியா? கியர் போதுமா? லோக் நெஸ் ஏரிக்கு மேலே இரண்டு பாதை காட்டுகிறதே, எதில் போவது?

லோக்கரை

தூரத்தை மூன்றால் வகுக்காதீர்கள். இந்தப் பாதையின் முதல் பாதியும் இரண்டாம் பாதியும் ஒரே பாதையே அல்ல. ஃபோர்ட் அகஸ்டஸ் வரை ஏற்றம் குறைவு. பெரிய ஏற்றம் முழுக்க அதற்கப்புறம்தான். ஆகவே முதல் நாள் ஃபோர்ட் அகஸ்டஸ் வரை ஏறக்குறைய 54 கி.மீ., இரண்டாம் நாள் டிரம்நாட்ராகிட் வரை 35, மூன்றாம் நாள் இன்வெர்னெஸ் வரை 30 என்று வையுங்கள். மூன்று நாளும் உழைப்பு கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும்.

திசை நீங்கள் சொன்னதே சரி. இந்தப் பள்ளத்தாக்கு தென்மேற்கிலிருந்து வடகிழக்காக ஓடும் ஒரு நிலப்பிளவு. இங்கே அதிகம் வீசுவதும் தென்மேற்குக் காற்றுதான். லோக் லோக்கியின் (லோக் என்றால் ஏரி) கரையில் அது முதுகில் தள்ளுவதற்கும் முகத்தில் அறைவதற்கும் உள்ள வித்தியாசம் பெரிது.

துண்டு துண்டாகச் சொல்கிறேன்.

ஃபோர்ட் வில்லியமில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள பழைய கோட்டைச் சுவர்தான் தொடக்கம். கோல், கார்ப்பாக் வழியாகப் பனாவிக்கு வந்தால் நெப்டியூன் படிக்கட்டு: எட்டு மதகுகள் வரிசையாகப் படகுகளை ஏறக்குறைய 20 மீட்டர் உயர்த்துகின்றன. தாமஸ் டெல்ஃபோர்ட் கட்டி 1822-இல் திறந்த கலிடோனியன் கால்வாயின் மேற்கு முனைக்குப் பக்கம் இது. மதகுகளை ஒட்டி ஒரு சின்ன ஏற்றம். அதற்கப்புறம் கேர்லோக்கி வரை கால்வாய்க் கரை கெட்டியான பொடிக்கல் பாதை. வேகம் தானாக வரும். படகு கட்டும் இடங்களில் மட்டும் கவனம் வேண்டும். கயிறு பாதையின் குறுக்கே கிடக்கும், ஈரத்தில் அது மண் நிறத்திலேயே இருக்கும்.

கேர்லோக்கியில் இருந்து க்ளூன்ஸ் வரை அடையாளத் தூண்கள் உங்களைக் கரையோரக் காட்டுக்குள் அனுப்பும். நடப்பவர்களுக்கு அருமை. மூட்டையோடு சைக்கிளில் வருபவர்களுக்கு வேரும் குறுகல் வளைவும் திடீர் மேடுமாக நேரம்தான் போகும். பக்கத்திலேயே ஓடும் பி8005 சாலையில் வண்டிகள் குறைவு, அதில் போங்கள். க்ளூன்ஸில் சாலையை விட்டுக் காட்டுப் பாதையில் ஏறினால் லோக் லோக்கியின் வடமேற்குக் கரை முழுவதும் அகலமான மரவண்டிப் பாதை. ஏறி இறங்கி ஏறி இறங்கி வரும். எங்கும் செங்குத்து இல்லை, ஆனால் சமதளம் என்று நினைத்து வந்தவர்களுக்குக் கால் முதலில் கனப்பது இங்கேதான்.

லாகன் மதகுக்கு அப்புறம் ஏ82 சாலையைத் தாண்டி லோக் ஆய்க்கின் தென்கிழக்குக் கரைக்கு வருவீர்கள். 1903-இல் திறந்து 1946-இல் மூடிய இன்வெர்கேரி–ஃபோர்ட் அகஸ்டஸ் ரயில் தடம் அங்கே பாதையாகக் கிடக்கிறது. இருபுறமும் பிர்ச் மரங்கள், பாசி படர்ந்த வெட்டுச்சுவர்கள், சரிவே தெரியாத தடம். முழுப் பாதையிலும் மிதிக்க மிக இதமான கிலோமீட்டர்கள் இவை, அவசரப்படாதீர்கள். ஆபர்கால்டரில் மறுபடி ஏ82-ஐக் கடந்தால் ஃபோர்ட் அகஸ்டஸ் வரை கால்வாய்க் கரை.

அங்கிருந்து இன்வெர்மோரிஸ்டன் 12 கி.மீ., அதற்கப்புறம் டிரம்நாட்ராகிட் 23 கி.மீ. இன்வெர்மோரிஸ்டனை விட்டுக் கிளம்பியதுமே தார்ச்சாலை வளைந்து வளைந்து மேலே போகும். பெரும்பாலானவர்கள் இறங்கித் தள்ளும் முதல் இடம். கடைசி நாள், டிரம்நாட்ராகிட்டைத் தாண்டியதும் லோக் மட்டத்தில் இருந்து காட்டுக்குள் ஒரே மூச்சாக ஏற்றம். ஏப்ரியாகன் காடு, பிளாக்ஃபோல்ட் என்று ஏறக்குறைய 380 மீட்டர் வரை போய்ப் பிறகு பழைய மாட்டு மந்தைப் பாதை வழியாக இன்வெர்னெஸுக்கு இறங்கும்.

செயின்மசகு

கியர் விஷயத்தைக் கணக்காகவே பார்த்துடலாம். உங்க சக்கரச் சுற்றளவு சுமார் 2.2 மீட்டர். 40-க்கு 34 போட்டா பெடல் ஒரு சுத்துக்கு 2.6 மீட்டர் போகும். செங்குத்துல மணிக்கு 6 கி.மீ.ன்னா நிமிஷத்துக்கு 100 மீட்டர். அப்போ பெடல் நிமிஷத்துக்கு 38 சுத்துதான். ஆளும் சைக்கிளும் மூட்டையும் சேர்ந்து 100 கிலோன்னு வெச்சா, 15 சதவீதச் சரிவுல அந்த வேகத்துக்கே 250 வாட் பக்கம் வேணும். 38 சுத்துல 250 வாட் கொடுத்தா முழங்கால்தான் முதல்ல போகும். பின் சக்கரமும் ஒவ்வொரு மிதிக்கும் பொடிக்கல்லுல வழுக்கும்.

குறைஞ்ச செலவு: முன் பல்சக்கரத்தை 40-லேர்ந்து 36 ஆக்குங்க, செயின்ல இரண்டு கண்ணி கழட்டுங்க. பின்னால 34 வரைக்கும்னு எழுதியிருக்கிற டீரெய்லர் (செயினை நகர்த்தி கியர் மாத்தற பாகம்) பெரும்பாலும் 36 தாங்கும், பி-ஸ்க்ரூவைத் திருகி மேல் கப்பி கேசட்டுல (பின் பல்சக்கர அடுக்குல) உரசாம பார்த்துக்கணும். ஹேங்கர் (டீரெய்லரைத் தாங்கற துண்டு) நீட்டிப்பு போட்டு 42 வெக்கலாம்னு சொல்வாங்க. வேலை செய்யும், ஆனா கியர் மாத்தறது மந்தமாகும். மூட்டை கட்டின சைக்கிள் ஒரு தடவை சாய்ஞ்சு விழுந்தா வளையறதும் அந்த நீட்டின இடம்தான்.

36-க்கு 36 வெச்சாலும் நிமிஷத்துக்கு 45 சுத்துதான் வரும், சில இடத்துல தள்ளித்தான் ஆகணும். தம்பி சைக்கிள்ல 30-க்கு 51 மாதிரி இருந்தா 75 சுத்து பக்கம். அவர் உட்கார்ந்தே ஏறிடுவார். அதனால கனமான சாமானை அவர்கிட்ட கொடுங்க.

டயர்: 40 போதும், 45 நல்லது. ஃபிரேம்ல இரண்டு பக்கமும் 5 மி.மீ.யாவது இடைவெளி இருக்கட்டும், சேறு ஒட்டினா பெயின்ட் போயிடும். டியூப்லெஸ்ஸா (உள் டியூப் இல்லாத டயரா) இருந்தா காத்து முன்னால 32, பின்னால 36 பிஎஸ்ஐ (75 கிலோ ஆள், 10 கிலோ மூட்டை). தம்பிக்கு 2.25 அங்குலம்னா முன்னால 20–22, பின்னால 24. சீலண்ட் (டயருக்குள்ள ஓட்டையை அடைக்கற திரவம்) கிளம்பற வாரம் புதுசா ஊத்துங்க, உங்களுக்கு 60 மி.லி., அவருக்கு 100. மூணு மாசம் பழசுன்னா உள்ளே ரப்பர் தோலாக் காய்ஞ்சு கிடக்கும், ஓட்டை விழுந்தா அடைக்காது. டியூப் போட்டு ஓட்டறதா இருந்தா 5 பிஎஸ்ஐ கூட்டுங்க. இல்லன்னா குறுக்கு வடிகால் கல் விளிம்புல ரிம் இடிச்சு டியூப்ல இரட்டை ஓட்டை விழும்.

பிரேக் பேட்தான் எல்லாரும் மறக்கறது. மழையில அரைச்ச பொடிக்கல்லும் தண்ணியும் சேர்ந்து டிஸ்க்குல ஏறி பேடை அரைச்சு எடுத்துடும். ரெசின் பேட் பாதி தேய்ஞ்சிருந்தா இந்த மாதிரி ஈர நாள் ஒண்ணு, இரண்டுலயே உலோகம் தெரியும். சின்டர் (உலோகக் கலவை) பேட் போடுங்க. பிரேக் டிஸ்க்குல "ரெசின் மட்டும்"னு அச்சடிச்சிருக்கான்னு பார்த்துட்டுப் போடுங்க. புது பேடை வீட்டுலயே பழக்கணும்: மணிக்கு 20 கி.மீ.லேர்ந்து நடக்கிற வேகம் வரைக்கும், சக்கரம் பூட்டாம, பதினஞ்சு இருபது தடவை பிடிச்சு விடுங்க. பழக்காத பேடோட முதல் மழை இறக்கத்துல போனா சத்தம்தான் வரும், பிடிப்பு வராது.

கூட எடுக்கறது: ஆளுக்கு ஒரு டியூப் (டியூப்லெஸ்ஸா இருந்தாலும்), பிளக், செயின் விரைவுக் கண்ணி இரண்டு, அந்தந்த ஃபிரேமுக்கான டீரெய்லர் ஹேங்கர், ஒரு ஜோடி பேட், எம்5 போல்ட் நாலு, ஜிப் டை. கேரியர் போல்ட்டுக்கு நீல நிற திரெட்லாக் போட்டுக்கிட்டு வாங்க. மரவண்டிப் பாதை அதிர்வுல கழன்டு விழறது எப்பவும் அந்த போல்ட்தான். பட்டறையை ஃபோர்ட் வில்லியம், இன்வெர்னெஸ் இரண்டு முனையிலதான் நம்பலாம்.

பனங்கூடல்

கூடாரம் எண்டு சொன்னபடியால் இதையும் கேளுங்கோ. ஸ்கொட்லாந்தில 2003 நிலச் சீர்திருத்தச் சட்டத்தின்படி திறந்த நிலத்தில சின்னக் குழுவாக் கூடாரம் அடிக்க உரிமை இருக்கு. ஒரே இடத்தில இரண்டு மூண்டு இரவுக்கு மேல நிக்கக் கூடாது, வீட்டுக்குக் கிட்ட, பயிர் நிலத்தில அடிக்கக் கூடாது. லோக் லோமண்ட் பக்கம் இருக்கிற அனுமதிச்சீட்டு முறை இந்தப் பாதைக்கு இல்லை. நெருப்பு மூட்ட வேண்டாம், காஸ் அடுப்பு போதும். பைன் காட்டுத் தரையும் பீட் மண்ணும் உள்ளுக்குள்ள கனன்றுகொண்டே இருக்கும், மேல தண்ணி ஊத்தினாலும் அணையாது. மலம் கழிக்கிறது தண்ணியில இருந்து 30 மீட்டராவது தள்ளி, குழி தோண்டி.

கால்வாய் மதகுகளுக்குப் பக்கத்தில ஸ்கொட்டிஷ் கெனால்ஸ் நடத்துற கழிப்பறை, குளிக்கிற இடம் இருக்கு. பூட்டிக் கிடக்கும். திறப்புக்கு அவையிட்டை முதலே கேட்டு ஒழுங்கு செய்யுங்கோ.

ஜூன் முதல் வாரம் எண்டால் மிட்ஜ் தொடங்கிற நேரம். கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன ஈ, கூட்டமாத்தான் வரும். காற்று மணிக்கு 11 கி.மீ.க்கு மேல வீசினால் அதால பறக்க ஏலாது. அதால கூடாரத்துக்கு இடம் பார்க்கேக்க மரத்துக்குள்ள ஒதுங்காமல் காற்றுப் படுற மேட்டை எடுங்கோ. லோக் லோக்கி கரையெண்டால் நீருக்குள்ள நீண்டு கிடக்கிற கல்முனை நல்லது. விடியலும் அந்தியும், மழை விட்டுக் காற்று நிண்ட நேரமும் மோசம். தலைவலை ஆளுக்கு ஒண்டு கட்டாயம். பஞ்சர் ஒட்டேக்கதான் அதின்ர அருமை தெரியும், இரண்டு கையும் வேலையில இருக்கும். பூச்சி விரட்டுற மருந்து கையில பூசினால் விரல் நுனியில பூசாதேங்கோ, டீட் கலந்தது பிளாஸ்டிக் சாமானைக் கரைக்கும்.

உண்ணி அதைவிடக் கவனம். பன்னம் உரசுற ஒடுங்கின பாதையில காலில ஏறும். பின்னேரம் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் எல்லாம் பாருங்கோ. உண்ணி எடுக்கிற கொக்கியால தோலோட ஒட்டிப் பிடிச்சு எடுக்கவேணும். எண்ணெய், நெருப்பு வைக்கக் கூடாது, அது உள்ளுக்குள்ள கக்கும். பிறகு ஒண்டில இருந்து நாலு கிழமைக்குள்ள வட்டமாச் சிவந்து விரிஞ்சால் லைம் நோய்தானோ எண்டு டொக்டரிட்டைக் காட்டுங்கோ.

தண்ணி: மேல இருந்து வாற ஓடையில எடுத்து வடிகட்டியோ கொதிக்க வைச்சோ குடியுங்கோ, செம்மறி மேயிற இடம். வெயில் நாளில லோக் ஓரம் பச்சைப் பாசி நுரை மிதந்தால் அந்தத் தண்ணியத் தொடாதேங்கோ, அந்த நஞ்சை வடிகட்டியும் பிடிக்காது, கொதிக்க வைச்சும் போகாது.

வடகாற்று

பல்சக்கரம் 36 ஆர்டர் போட்டாச்சு. சாப்பாடு எத்தனை நாளைக்குச் சுமக்க வேண்டும்? மேல் பாதையா கீழ்ப் பாதையா என்பதும் இன்னும் பாக்கி.

லோக்கரை

ஒரு நாளைக்கு மேல் சுமக்க வேண்டாம். ஃபோர்ட் வில்லியமில் வாங்குவது ஃபோர்ட் அகஸ்டஸ் வரை தாங்கினால் போதும். அங்கேயும் டிரம்நாட்ராகிட்டிலும் கடைகள் உண்டு. டிரம்நாட்ராகிட்டுக்கு அப்புறம் இன்வெர்னெஸ் ஓரம் வரை எதையும் நம்பாதீர்கள்.

பாதை: கீழே போங்கள். மேல் பாதை 2014-இல் திறந்தது, நடப்பவர்களை மரத் தோட்டத்துக்கு மேலே கொண்டுபோய்க் காட்சியைக் கொடுப்பதற்காக. ஃபோர்ட் அகஸ்டஸ் பக்கம் 300 மீட்டரைத் தாண்டுகிறது. மூட்டை கட்டிய கிராவல் சைக்கிளுக்கு அந்தத் துண்டு பெரும்பாலும் தள்ளுவதுதான்.

கற்பாதை

இதில் லோக்கரையோடு ஒத்துப்போக முடியவில்லை. கீழ்ப் பாதையில் லோக் நெஸ் எங்கே தெரிகிறது? சிட்கா ஸ்ப்ரூஸ் மரங்கள் சுவர் மாதிரி நிற்கின்றன. 37 கி.மீ. நீள ஏரியின் தலைக்கு மேலேயே போய்க்கொண்டிருந்தும் அதைப் பார்க்காமல் இன்வெர்னெஸ் போய்ச் சேர்வதற்கு இவ்வளவு தூரம் ஏன் வர வேண்டும்? மேலே ஏறினால் ஹெதர் புதருக்கு நடுவே பாதை திறக்கிறது. தெற்கே ஃபோர்ட் அகஸ்டஸ், வடக்கே நீர் ஒரே கோடாக மறையும் வரை முழுதும் தெரியும்.

தள்ள வேண்டியிருக்கும், உண்மை. ஆனால் ஃபோர்ட் அகஸ்டஸ்–இன்வெர்மோரிஸ்டன் துண்டு வெறும் 12 கி.மீ. இரண்டாம் நாளின் மொத்தமே 35 என்று நீங்களே பிரித்திருக்கிறீர்கள். ஜூனில் வெளிச்சம் பதினேழு மணி நேரத்துக்கு மேல். நேரம் இருக்கிறது.

லோக்கரை

காட்சியில் எனக்குக் கருத்து வேறுபாடே இல்லை. என் கவலை ஏற்றமல்ல, மேல் பாதையின் இறக்கம். பாதை ஒடுக்கம், குறுக்கே கல் பதித்த வடிகால்கள், எதிரே முதுகுப்பையோடு ஆட்கள். ஸ்காட்லாந்து அணுகல் நெறிப்படி சைக்கிள்தான் வேகம் குறைத்து வழி விட வேண்டும். பின்னால் தொங்கும் பெரிய சீட் பை உள்ள சைக்கிளை 40 மி.மீ. டயரில் அங்கே நிறுத்தி நிறுத்தி இறக்குவது புதியவருக்குக் கடினம்.

கற்பாதை

அப்படியானால் நடுவழி: முதல் துண்டு மேலே, இன்வெர்மோரிஸ்டனுக்கு அப்புறம் கீழே. மேகம் 300 மீட்டருக்குக் கீழே இறங்கியிருந்தால் இரண்டும் கீழே. மேகத்துக்குள் ஏறினால் காட்சியும் கிடையாது, கையுறையும் நனைந்து விரல் மரத்துவிடும்.

லோக்கரை

அது சரியான ஏற்பாடு. தம்பியின் சைக்கிளுக்குத் தயக்கமே வேண்டாம்.

செயின்மசகு

இறக்கத்துக்கு இரண்டு விஷயம். சீட் பைக்கு அடியில ஸ்ட்ராப் தளர்ந்தா பை ஆடி டயர்ல உரசும், மேல கிளம்பறதுக்கு முன்னாடி இறுக்குங்க. கனத்தை ஃபிரேம் பைக்குக் கொண்டு வாங்க. தண்ணி, அடுப்பு, கருவி எல்லாம் அங்கே. சீட் பையில தூக்கப்பையும் துணியும் மட்டும். பின்னால கனம் போனா இன்வெர்மோரிஸ்டன் வளைவுல முன் சக்கரம் தூக்கும்.

இன்னொண்ணு, டிரம்நாட்ராகிட்டுக்கு முன்னாடி வர்ற க்ரோடெய்க் தாண்டினதும் தார்ச்சாலை வந்துடும், அப்பாடான்னு விட்டுடாதீங்க. டிரம்நாட்ராகிட்டுக்கு இறங்கற கடைசிக் கொண்டையூசி வளைவு ரொம்பச் செங்குத்து, எதிர்ல கார் வரும். பிரேக்கை விடாம பிடிச்சுக்கிட்டே வந்தா சூடாகி லீவர் உள்ளே போகும். வளைவுக்கு முன்னாடி அழுத்திப் பிடிச்சு வேகத்தைக் கொன்னுட்டு, நடுவுல விட்டு ஆறவிடுங்க.

கற்பாதை

மரம் வெட்டும் வேலையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. இந்தப் பாதையில் பெரும்பகுதி வணிகக் காட்டுக்குள் போகிறது. திடீரென்று மாற்றுவழி போட்டிருப்பார்கள். கிளம்பும் முந்தைய நாள் பாதையின் அதிகாரபூர்வத் தளத்தில் அறிவிப்பைப் பார்த்துவிட்டு அதற்கேற்ப போனில் வழிகாட்டும் ஜிபிஎக்ஸ் கோப்பை மாற்றிக்கொள்ளுங்கள். பழைய கோப்பைப் பின்பற்றி மூடிய பாதைக்குள் போகவே வேண்டாம். வெட்டும் இயந்திரத்தின் சங்கிலி அறுந்தால் அதன் துண்டு துப்பாக்கிக் குண்டு வேகத்தில் பறக்கும். எதிர்பாராமல் இயந்திரம் எதிர்ப்பட்டால் தூரத்திலேயே நின்று, ஓட்டுநர் உங்களைப் பார்த்து வெட்டும் தலையைத் தரையில் இறக்கிக் கையசைத்த பிறகுதான் நகர வேண்டும். அடுக்கிய மரக்குவியலில் சைக்கிளைச் சாய்க்கவும் கூடாது, உருளும்.

வடகாற்று

தம்பி கேட்கிறான்: ஃபோர்ட் அகஸ்டஸில் இருந்து காரியாரிக் கணவாய் ஏறி இறங்கிவிட்டு மறுபடி பாதையில் சேர முடியுமா? ஒரு நாள் கூட்டிக்கொள்ளலாம் என்கிறான். அப்புறம், மலையில் சிக்னல் இல்லாத இடத்தில் விழுந்தால் என்ன செய்வது?

லோக்கரை

காரியாரிக்கை ஒட்டுப்போட்ட நாளாகச் செய்யாதீர்கள். ஜெனரல் வேட் 1731-இல் போட்ட ராணுவச் சாலை, உச்சி ஏறக்குறைய 770 மீட்டர். ஃபோர்ட் அகஸ்டஸ் கிட்டத்தட்டக் கடல் மட்டத்தில் இருப்பதால் முழு உயரத்தையும் நீங்களே ஏற வேண்டும். வெள்ளம் அரித்த இடங்களில் கை அளவுக் கற்கள் உதிரியாகக் கிடக்கும், 40 மி.மீ. டயரில் இறக்கமும் நடைதான். அது தெற்கே லாகன் கிராமம், லோக் ஓசியன், ரானக் வழியாக கிளாஸ்கோவுக்குப் போகும் பேட்ஜர் டிவைட் பாதையின் பகுதி. அதை அந்தப் பயணத்தில் வையுங்கள். கூடுதல் நாள் இருந்தால் ஃபோர்ட் அகஸ்டஸில் மூட்டையைத் தங்குமிடத்தில் விட்டுவிட்டு லோக் நெஸ்ஸின் தென்கரைப் பக்கம், சூயி காட்சிமேடு வரை ஏறி வாருங்கள்.

எந்த நிலையிலும் ஏ82-க்குள் இறங்கிக் குறுக்குவழி தேடாதீர்கள். குறுகல், கல் சுவர், மர லாரி, சுற்றுலாப் பேருந்து. டிரம்நாட்ராகிட்டை விட்டுப் போகும்போது அதை ஒட்டிய நடைபாதையில் கொஞ்ச தூரம் போகத்தான் வேண்டும், அது பாதையின் பகுதியே.

பனங்கூடல்

விபத்துக்கு: 999 அடிச்சு முதலில போலீஸ் கேளுங்கோ, அவையிட்டை மலை மீட்புக் குழு வேணும் எண்டு சொல்லுங்கோ. நேரா மீட்புக் குழுவுக்கு இலக்கம் இல்லை. உங்கட நெட்வேர்க் இல்லாட்டிலும் வேற நெட்வேர்க் இருந்தால் 999 அழைப்பு போகும். அழைப்பு போகாத இடத்தில குறுஞ்செய்தி சிலவேளை போகும், ஆனால் அதுக்கு முதலே பதிஞ்சிருக்கவேணும்: வீட்டில இருந்தே ஆங்கிலத்தில ரெஜிஸ்டர் எண்ட சொல்லை 999-க்கு அனுப்புங்கோ, திரும்பி வாற செய்திக்குச் சம்மதம் சொல்லுங்கோ. இரண்டு பேரின்ர போனிலயும் செய்யுங்கோ. வரைபட கிரிட் எண்ணைக் காட்டுற செயலியையும் இறக்கி வையுங்கோ, அது சிக்னல் இல்லாமலும் வேலை செய்யும்.

விழுந்த ஆளை ஈர நிலத்தில கிடத்தி வைக்காதேங்கோ. தூங்குற பாயைக் கீழ விரிச்சுப் பிறகு மேல மூடுங்கோ. ஜூனிலயும் நனைஞ்ச உடம்பு 380 மீட்டர் காற்றில கெதியா விறைக்கும்.

செயின்மசகு

ரயிலுக்கு இப்பவே சைக்கிள் இடம் பதிஞ்சுடுங்க. கிளாஸ்கோ குயின் ஸ்ட்ரீட்–ஃபோர்ட் வில்லியம் வண்டியில சைக்கிளுக்கு இடம் கொஞ்சம்தான், ஜூன்ல சீக்கிரம் தீரும். ஆளுக்கு டிக்கெட் இருந்து சைக்கிளுக்கு இடம் இல்லன்னா பிளாட்ஃபாரத்துலயே நிக்கணும். திரும்பறப்போ இன்வெர்னெஸ் வண்டிக்கும் அப்படித்தான், ஒவ்வொரு மாறுதலுக்கும் தனித்தனியா பதியணும். வண்டி ஏறறதுக்கு முன்னாடி மூட்டையை எல்லாம் கழட்டி ஒரே பையில போட்டு வெச்சுக்குங்க, கொக்கியில தொங்கவிடற பெட்டின்னா மூட்டையோட ஏறாது.